அரபி தெரிந்த வார்டன்

அக்கா,

அல் ஐனில் நேற்று முதல் நல்ல குளிர். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடம் பனிமூட்டத்தில் பாதிதான் தெரிந்தது. அலமாரியின் மேல்தட்டிலிருந்து கம்பளித் துணிப் பெட்டியை இறக்கினேன். மித்ராவுக்குப் போன வருடத்து ஸ்வெட்டர் மணிக்கட்டுக்கு எட்டவில்லை. அதை ஒதுக்கிவிட்டுத் துழாவியபோது, பாச்சை உருண்டை வாசனையோடு ஒரு ஜோடி சாம்பல் நிறக் காலுறை கையில் வந்தது. உன் மாப்பிள்ளையின், அதாவது என் வீட்டுக்காரரின், காலுறைதான். ஆனால் இரண்டிலும் பெருவிரலுக்குப் பக்கத்தில் செருப்பு வார் அழுத்திய தடம் அப்படியே இருந்தது. காலுறை போட்டு அதன்மேல் ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு துபாயைச் சுற்றிப் பார்த்தவள் நம் குடும்பத்தில் நீ ஒருத்திதான்.

"ஷூ வாங்கித் தர்றேன்க்கா" என்றதற்கு, "ரெண்டு நாள் கூத்துக்கு எதுக்குடி ஷூ?" என்றாய்.

அந்த இரண்டு நாளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். உன்னிடம் நேரில் சொல்லாமல் விட்டது ஒன்று அதில் இருக்கிறது.

நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது நீ அபுதாபிக்கு விமானம் ஏறினாய். அத்தான் இறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஓர் அரபி வீட்டில் சமையல், துணி துவைப்பது, பிறகு அந்த வீட்டுக் கிழவியைப் பார்த்துக்கொள்வது என்று பதிமூன்று வருடம். நான் பி.காம் முடித்து, வேலைக்குப் போய், கோயம்புத்தூரிலிருந்து வரன் வந்த சமயத்தில்தான் ஒரேயடியாக ஊர் திரும்பினாய். பெண் பார்க்க வந்த அன்று, "அக்கா என்ன பண்றாங்க?" என்று என் மாமியார் கேட்டார். உள்ளே நீ பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தாய். நீ அனுப்பிய பணத்தில் படித்த நான், நீ போட்டுத் தந்த வளையலோடு உட்கார்ந்துகொண்டு, "புதுக்கோட்டைல ஒரு ஸ்கூல் ஹாஸ்டல்ல வார்டனா இருக்காங்க" என்றேன். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. தானாக வாயில் வந்தது.

அவர்கள் போன பிறகு உன்னிடம் சொன்னேன். நீ கோபப்படுவாய் என்று நினைத்தேன். "வார்டனா? சரி, ஒரு பிரம்பு வாங்கிக்கறேன்" என்று சிரித்துவிட்டு அடுப்பைத் துடைக்கப் போய்விட்டாய்.

கல்யாணமான மறுமாதமே உன் மாப்பிள்ளையிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "அம்மாகிட்ட அப்புறமா சொல்லிக்கலாம்" என்றார். அந்த அப்புறம் எட்டு வருடமாக வரவே இல்லை. அதற்குள் நாங்கள் அல் ஐனுக்கு வந்து, மித்ரா பிறந்து, அவளுக்கு ஆறு வயதும் ஆகிவிட்டது. அந்த ஜனவரியில் கோயம்புத்தூரிலிருந்து அத்தை விசிட் விசாவில் வந்திருந்தபோதே உன்னையும் அழைத்தோம். விமானம் ஏறுவதற்கு முதல் நாள் போனில் உன்னிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன்.

"அக்கா, இங்க வந்து அரபி மட்டும் பேசிடாத."

"ஏன்டி, வார்டனுக்கு அரபி தெரியக்கூடாதா?" என்றாய். "சரி சரி, வாயத் தைச்சுக்கறேன். போதுமா?"

பதிமூன்று வருடம் இந்த நாட்டில் இருந்தவள், துபாயை ஒருநாள்கூடப் பார்த்ததில்லை. அந்தச் சனிக்கிழமை காலை பனியில் மெதுவாகத்தான் கார் போனது. முன்சீட்டில் அத்தை. பின்னால் நீயும் நானும், நடுவில் மித்ரா. "பெரியம்மா, லுக், கேமல்!" என்று அவள் கத்தும்போதெல்லாம் நீயும் முதன்முறை பார்ப்பவள் மாதிரி, "அடேயப்பா, எம்மாம் பெருசு!" என்றாய். கண்ணாடியில் உன் மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

அத்தைக்குப் பேச்சுத் துணை வேண்டும். திரும்பி உட்கார்ந்து உன்னை விசாரிக்க ஆரம்பித்தார்.

"ஏனம்மிணி, உங்க ஆஸ்டல்ல எத்தன புள்ளைங்க?"

நீ யோசிக்கவே இல்லை. "பதினோரு பேருங்க."

"அவ்வளவுதானா? அப்ப வேலை சுலுவு."

"எங்கங்க? ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நேரத்துக்குச் சாப்பிடும். ஒண்ணுக்கு உப்பு கூடாது, ஒண்ணுக்குக் காரம் கூடாது. பொட்டியத் தொறந்தா துணி மலையாக் கெடக்கும்."

"அதுவும் சரிதான். வளர்ற புள்ளைங்க."

"வளந்ததுங்களும் உண்டுங்க" என்றாய் நீ, முகம் மாறாமல். பதினோரு பேர் அந்த அபுதாபி வீட்டு ஆட்கள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் பொய்க்குள் உட்கார்ந்துகொண்டும் நீ ஒரு பொய்கூடச் சொல்லவில்லை.

பர் துபாயில் ஓட்டலில் பைகளை வைத்துவிட்டு, படகில் ஏறி, ஊருக்கு நடுவே ஓடும் கடற்கழியின் அக்கரைக்குப் போனோம். படகில் காற்று காதை அறுத்தது. அத்தை மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டார். நீ உன் பச்சைச் சால்வையில் பாதியை மித்ராமேல் போட்டு, அவளை மடியில் வைத்துக்கொண்டாய். கடற்பறவைகள் படகோடு கூடவே வந்தன. "இதுக்கெல்லாம் குளிராதா பெரியம்மா?" என்றாள் அவள். "அதுங்க பொறக்கும்போதே ஸ்வெட்டரோட பொறந்ததுங்கடி" என்றாய்.

அக்கரையில் மசாலாக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்து. ஒரு கடைவாசலில் அத்தை கறுப்பாக, சுருங்கிக் கிடந்த உருண்டைகளை எடுத்து முகர்ந்தார். "இதென்ன கண்ணு, உதவாக்கரைச் சாமானா இருக்குது?"

"காய வெச்ச எலுமிச்சைங்க. ஓட்டை போட்டு மீன்குழம்புல போட்டா..." என்று தொடங்கிவிட்டாய். என் கண்ணைப் பார்த்ததும், "...நல்லா இருக்கும் போலருக்குங்க" என்று முடித்தாய். அத்தை ஒன்றும் கவனிக்கவில்லை. நான்தான் அந்தக் குளிரிலும் வியர்த்துப்போனேன்.

சாயங்காலம் திரும்பும்போது லேசாகத் தூறல். படகுத்துறைக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சைச் சுற்றிப் பத்துப் பதினைந்து பேர் நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்தால், பெஞ்சில் வயதான ஓர் அரபுப் பெண்மணி. கறுப்பு அபாயா அங்கி தோளில் நனைந்திருந்தது. ஒரு காலில் மட்டும் செருப்பு. உடம்பு நடுங்கிக்கொண்டிருந்தது. காவலாளி ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார், பிறகு இந்தியில் கேட்டார். அவர் கை நீட்டும்போதெல்லாம் அந்த அம்மா கத்தித் தட்டிவிட்டார். யாரோ போலீசுக்குப் போன் செய்துகொண்டிருந்தார்கள். ஒரு சுற்றுலாக்காரர் தண்ணீர் பாட்டிலை நீட்டினார், அதையும் தள்ளிவிட்டார். அழுதுகொண்டே ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். கூட்டத்தில் ஒருவருக்கும் அது புரியவில்லை.

உனக்குப் புரிந்தது. உன் உடம்பு முன்னால் சாய்ந்ததைப் பார்த்தேன். மித்ராவின் கை உன் கையில் இருந்தது. நீ என் பக்கம் திரும்பினாய்.

நான் வேண்டாமென்று தலையாட்டினேன்.

இதைத்தான் உன்னிடம் நான் பேசவே இல்லை அக்கா. எதிரில் ஒரு கிழவி குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தாள். எனக்கோ என் மாமியார் எனக்கு வலப்பக்கம் இரண்டடி தள்ளி நிற்கிறார் என்பது மட்டும்தான் தெரிந்தது. நீ ஒரு நொடி என்னைப் பார்த்தாய். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. மித்ராவின் கையை எடுத்து என் கையில் வைத்தாய், கடையில் பையைக் கொடுத்துவிட்டுப் போவதுபோல. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே போய், ஈரத் தரையில் மண்டி போட்டாய்.

"யும்மா" என்றாய், அம்மா என்று.

அந்த அம்மா அழுகையை நிறுத்தினார். நீ சால்வையைக் கழற்றி அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினாய். செருப்பில்லாத பாதத்தை உன் இரண்டு கைகளுக்குள் எடுத்துத் தேய்த்தாய். தேய்த்துக்கொண்டே பேசினாய். "மாஃபி ஹோஃப், யும்மா, மாஃபி ஹோஃப்." பயமில்லை, பயமில்லை. அதற்குப் பிறகு வந்தது எதுவும் எனக்குப் புரியவில்லை. நம் வீட்டில் நீ பேசும் குரல் அல்ல அது. தொண்டையின் அடியிலிருந்து, வளைந்து வளைந்து, அவசரமே இல்லாமல் வந்தது. அவர் ஏதோ சொல்ல, நீ சிரித்தாய். அவரும் ஈரக் கண்ணோடு லேசாகச் சிரித்தார். காவலாளி வாய் திறந்தபடி நின்றார்.

பிறகு, கேட்டுக்கொண்டுதான் செய்தாய், அபாயாவின் உட்பக்கம் கழுத்தோரமாகத் தடவினாய். ஊக்கு குத்திய சின்னத் துணிப் பை ஒன்று அங்கே இருந்தது. அதற்குள் ஒரு சீட்டு, அதில் போன் நம்பர். காவலாளியிடம் நீட்டி, "ஜல்தி பாய்" என்றாய். உனக்கு இந்தியும் தெரியும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

இருபது நிமிடத்தில் மகன் வந்தார். அவருக்குப் பின்னால் அழுது வீங்கிய முகத்தோடு, நடுவயதில் ஓர் எத்தியோப்பியப் பெண். அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் அவள்தான். கடையில் சாமான் வாங்கும்போது கையை விட்டிருக்கிறாள், அம்மா எங்கோ நடந்துபோய்விட்டார். தாயின் நெற்றியில் முத்தமிட்ட மகன், திரும்பி அந்தப் பெண்ணைப் பார்த்துச் சத்தம் போடத் தொடங்கினார். நீ எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாய். குரலை உயர்த்தவில்லை. நாலைந்து வாக்கியம்தான். அவர் சத்தம் நின்றது. பிறகு உன்னிடம் ஏதோ கேட்டார்.

நீ சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டு, நிமிர்ந்து நின்று, எங்கள் பக்கம் கையைக் காட்டி, "லா. அனா ஜியாரா" என்றாய்.

ஜியாரா என்றால் விசிட். விசா காகிதத்தில் பார்த்த சொல், அதனால் எனக்கும் தெரியும். என்ன கேட்டார் என்று பிறகு சொன்னாய். "எந்த வீட்டுல வேலை செய்றன்னு கேட்டாரு. இல்ல, தங்கச்சி குடும்பத்தோட ஊர் சுத்திப் பாக்க வந்திருக்கேன்னேன்." சால்வையை நீ திருப்பி வாங்கவில்லை.

துறைக்கு எதிரே ஒரு மலையாளி டீக்கடையில் உட்கார்ந்தோம். ஏலக்காய் போட்ட டீ வந்தது. அத்தை தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உன்னையே பார்த்தார்.

"ஏனம்மிணி, நீங்க பேசுனது அரபிதானே?"

"ஆமாங்க."

"எங்க படிச்சீங்க?"

நீ என்னைப் பார்த்தாய். "அது வந்துங்க... ஹாஸ்டல்ல பாய் வீட்டுப் புள்ளைங்க ரெண்டு பேரு..." என்று தடுமாறினாய். அன்று முழுக்க நீ சொல்லத் தொடங்கிய முதல் பொய். யாரோ ஒரு கிழவிக்காகக் கூட்டத்துக்குள் தயங்காமல் போனவள், எனக்காகத் திணறிக்கொண்டிருந்தாய். அதை என்னால் உட்கார்ந்து பார்க்க முடியவில்லை.

"இல்ல அத்தை" என்றேன். "அக்கா வார்டன் இல்ல. அபுதாபில பதிமூணு வருஷம் வீட்டு வேலை செஞ்சாங்க. அதுலதான் நான் படிச்சேன். பொண்ணு பாக்க வந்தப்ப நான்தான் பொய் சொன்னேன். அக்கா சொல்லலை."

உன் மாப்பிள்ளை, "எனக்கும் தெரியும்மா" என்றார்.

அத்தை தம்ளரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்காமல் உன்னிடம் கேட்டார். "அப்ப அந்தப் பதினோரு புள்ளைங்க?"

"வீட்டு ஆளுங்கதாங்க. பெருசு சிறுசு எல்லாம் சேத்து."

அவர் உதடு துடித்தது. சிரிப்பா, கோபமா என்று தெரியவில்லை. "அந்த வேலைக்காரப் பொண்ணுக்காக என்ன சொன்னீங்கோ அந்த ஆளுகிட்ட?"

"நானும் ஒருக்கா இப்படித் தொலைச்சிருக்கேன்னு சொன்னேங்க. கைக்குள்ள இருந்தவங்க, ஒரு நிமிஷம், காணோம். அதுக்கப்புறந்தான் கிழவி அங்கிக்குள்ள நம்பர் தைச்சு வெக்கிற பழக்கம் வந்துச்சு. இவளும் பயந்து தேடியிருப்பா, அவளைத் திட்டாதீங்கன்னேன்."

"உங்கள என்ன பண்ணாங்க அப்ப?"

"நாலு நாள் வீட்ல யாரும் எங்கூடப் பேசலைங்க. கிழவி மட்டும் பேசுனா."

அத்தை அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "வேலைக்குப் போனது அவ. வெக்கப்பட்டது நீயா?" என்றார். எட்டு வருடத்தில் என்னை அவர் திட்டியதே கிடையாது. அதுவும் திட்டு அல்ல. ஆனாலும் இன்றுவரை என் காதில் அதே சத்தத்தில் கேட்கிறது.

மறுநாள் ஞாயிறு. உலகத்திலேயே உயரமான அந்தக் கோபுரத்தின் மேல்தளத்துக்குப் போக முன்பே டிக்கெட் எடுத்திருந்தோம். காலையில் கீழே இறங்கிவந்தால், அத்தை தன் மஃப்ளரை உன் கழுத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். "சால்வைய தானம் பண்ணிட்டு நடுங்கிட்டு நிக்கறீங்கோ" என்று உன்னை அதட்டினார். அன்று முழுக்க உன் கையைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். சோறா ரொட்டியா, படுக்க அறை கொடுத்தார்களா, நோன்பு மாதத்தில் எத்தனை மணிக்கு எழுந்தாய், ஊருக்குக் கடிதம் போட விட்டார்களா என்று கேட்டுக்கொண்டே வந்தார். நான் பின்னால் நடந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். அதில் பாதி நான் உன்னிடம் ஒருமுறைகூடக் கேட்டிராத கேள்விகள். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு பிசைந்தாய் என்பதை என் மாமியாருக்கு நீ சொல்லித்தான் நான் தெரிந்துகொண்டேன்.

மேல்தளத்தில் காற்று கண்ணில் நீர் வரவைத்தது. மித்ரா காரெல்லாம் பொம்மை மாதிரி இருக்கிறது என்று குதித்தாள். நீ கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு, "அபுதாபி எந்தப் பக்கம் மாப்பிள்ளை?" என்றாய். அவர் கை காட்டினார். அந்தத் திசையில் வெறும் புழுதிநிற மூட்டம். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாய்.

"என்னக்கா யோசிக்கிற?"

"இந்நேரம் அந்த வீட்ல ஒருத்தி மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருப்பா. குளிர்காலத்துல சீக்கிரம் காயாது. அவளுக்கு யாராச்சும் சொல்லணும், மேற்குக் கொடியில போடுன்னு."

பிறகு, "சரி, என்னையத் தனியா ஒரு போட்டோ எடு" என்று நிமிர்ந்து நின்றாய். காலுறை, ரப்பர் செருப்பு, அத்தையின் மஃப்ளர், பின்னால் மொத்தத் துபாயும்.

உன்னோடு ஒரே இரவில் ராசியாகிவிட்ட அத்தை, என்னோடு சரியாகப் பேச மூன்று வாரம் ஆயிற்று. அது நியாயம்தான்.

இரண்டு வருடத்துக்கு முன், ஐப்பசி மழையில், தூக்கத்திலேயே நீ போய்விட்டாய். நான் இங்கிருந்து விமானம் பிடித்து, திருச்சியில் இறங்கி, வீட்டுக்கு வந்து சேர்வதற்குள், கோயம்புத்தூரிலிருந்து காரில் கிளம்பிய அத்தை உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். துக்கம் கேட்க வந்த தன் பக்கத்து உறவுக்காரர்களிடம், "என்ற மருமகளோட அக்கா. அபுதாபில பதிமூணு வருசம் வீட்டு வேலை செஞ்சு தங்கச்சியப் படிக்க வெச்சவ. அரபி பேசுனா அரபிக்காரனே நின்னு கேப்பான்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அது என் காதில் விழுந்தது. அதைக் கேட்ட பிறகுதான் என்னால் அழ முடிந்தது.

நான் தலையாட்டியதை நீ எத்தனையாவது நிமிடத்தில் மன்னித்தாய் என்று கேட்டிருக்கலாம். "என்னத்த மன்னிக்கிறது, போடி" என்றுதான் சொல்லியிருப்பாய். இருந்தாலும் கேட்டிருக்க வேண்டும். கேட்காததை இங்கே எழுதிவைக்கிறேன்.

போன வாரம் இங்கே தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கல் வைத்தோம். பூங்காவில் பாய் விரித்து, வேட்டியும் பட்டுச்சேலையுமாக உட்கார்ந்திருந்தோம். அல் ஐனுக்குப் புதிதாக வந்த ஒரு டாக்டர் அம்மாள், "உங்க வீட்ல நீங்கதான் முதல்ல கல்ஃபுக்கு வந்தவங்களா?" என்று என்னைக் கேட்டார். மித்ராவுக்கு இப்போது பத்து வயது. நான் வாய் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள். "நோ ஆன்ட்டி, என் பெரியம்மாதான் ஃபர்ஸ்ட். அபுதாபில ஹவுஸ்மெய்டா இருந்தாங்க. அவங்க அரபிக் செம சூப்பரா இருக்கும்." சொல்லிவிட்டுக் கரும்பைக் கடிக்கப் போய்விட்டாள். அதில் மறைக்க ஏதோ இருக்கிறது என்பதே அவளுக்குத் தெரியாது.

டாக்டர் அம்மாள் என் முகத்தைப் பார்த்தார். நான் நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கும் பாயில் இடம் விட்டு, உன் கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். பக்கத்துப் பாயில் இருந்தவர்களும் வந்து சேர்ந்தார்கள். நீ எந்த வருடம் விமானம் ஏறினாய், கிழவிக்கு எப்படித் தலை பின்னிவிட்டாய், எந்த மீனுக்கு எந்த மசாலா என்று யாரும் கேட்காததையெல்லாம் சொன்னேன். பொங்கல் ஆறிப்போனது. அன்று அந்தப் பூங்காவில் எல்லாரையும்விட அதிகம் பேசியவள் நான்தான் அக்கா.